துடைக்காமல் ஒரு தடவை

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இரும்பு மாதிரி இருக்கேன்" என்று முடித்துவிடுவாய். அதனால் உன்னைக் கேட்கவில்லை, போன வாரம் போனில் அண்ணியைக் கேட்டேன். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாயாமே, என்ன விஷயம்? ஆணி ஃபேக்டரி மெஷின் பக்கத்திலேயே நின்று காதைத் தொலைத்துவிட்டாய், போனில் கத்தினாலும் உனக்கு எட்டாது. கண்ணாவது மிச்சம் இருக்கிறதே, இதைப் படித்துவிட்டு ஒழுங்காகப் பதில் போடு.

தங்கச்சி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் திருதிருவென்று முழிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். இனி முழிக்க வேண்டாம். வயிற்றில் புண் வந்து ரத்தம் கசிந்தாலோ, சின்னக் கட்டி முளைத்தாலோ, இப்போதெல்லாம் உடனே வயிற்றைக் கிழிப்பதில்லை. வாய் வழியாக ஒரு நீளக் குழாயை விடுகிறார்கள். அதன் நுனியில் விளக்கு, கேமரா எல்லாம் உண்டு. அதற்குள்ளேயே மெல்லிய கத்தியும் போகும். கட்டியை வெட்டிவிடலாம், வெட்டிய இடத்தில் ரத்தத்தை நிறுத்துவதுதான் பெரும்பாடு. சின்ன உலோகக் கிளிப்பைப் போட்டுக் கவ்வ வைப்பார்கள், அல்லது சூடு வைப்பார்கள். எங்கள் கம்பெனி அதற்கு ஒரு பொடி செய்திருக்கிறது. குழாய் வழியாக ஊதினால் போதும், ஈரம் பட்டதும் கூழாக இறுகிப் புண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பொடி நிற்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதான் உன் தங்கையின் உத்தியோகம்.

இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் பன்றி இரைப்பையைப் பலகையில் விரித்து ஊசி குத்தி வைப்பேன். அடியில் சின்னக் குழாய் செருகி, பம்ப் வைத்து வெதுவெதுப்பான ரத்தத்தை ஓட விடுவேன். காயத்துக்குக் கட்டுப் போடும் காஸ் துணியால் இடத்தை ஒரு ஒத்து ஒத்திவிட்டுப் பொடியை ஊதினால், ஓடுகிற ரத்தம் கண்ணெதிரே நின்றுவிடும். ஒவ்வொன்றையும் எங்கள் துறைத் தலைவர் வந்து படம் எடுப்பார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே படக்காரர்தான். பொடி அடுத்து மனிதர்களிடம் போகப் போகிறது, மருத்துவமனைகளில் ஏற்பாடு நடக்கிறது. என் கையால் நின்ற ரத்தம் இனி நிஜ வயிற்றில் நிற்கும் என்று நினைத்தால் எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அண்ணா.

அண்ணியிடம் என் அன்பைச் சொல். தட்டைக் காலி செய்.

உன்
வாயாடி

-

மார்ச் 21

வாயாடிக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே இரண்டு பேரும் சௌக்கியம். உன் அண்ணி எறும்பை யானையாக்குவதில் கெட்டிக்காரி. முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிறேன், அது வயிற்றைக் கொஞ்சம் புரட்டுகிறது. வேறு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் ஃபேக்டரியில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சத்தமாகத்தான் படித்தேனாம், வாசல் காவலாளி வரை கேட்டதாம். பன்றி இரைப்பை வந்ததும் இரண்டு பேர் டிபன் பாக்ஸை மூடிவிட்டார்கள்.

பையன்கள் சில சந்தேகம் கேட்கிறார்கள். அந்தப் பொடி வயிற்றிலேயே தங்கிவிடுமா, வெளியே வந்துவிடுமா? குழாய் விடும்போது ஆள் முழித்திருப்பானா? எவ்வளவு பெரிய கட்டி வரை குழாயிலேயே எடுக்கலாம்? எடுத்தபின் அது திரும்ப வருமா? விவரமாக எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

நீ இருக்கும் மாடி அறைக்குக் கீழே சைக்கிள் கடைக்காரன் இன்னும் காலையிலேயே சுத்தியல் தட்டுகிறானா? தட்டினால் சொல், நான் வந்து அவன் காதில் பேசுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

-

ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு எனக்குச் சரியாக இருக்கிறது, மனசுதான் கொதிக்கிறது. முதலில் உன் "பையன்களுக்கு" பதில். பொடி ஓரிரு நாளில் கரைந்து வெளியேறிவிடும். ஆளைத் தூங்க வைத்துத்தான் செய்வார்கள். கட்டி மேல் தோலோடு இருக்கிற வரை குழாயில் எடுக்கலாம், ஆழமாக வேர்விட்டால் முடியாது. ஆணி அடிக்கிறவர்களுக்கு இத்தனை ஆழமான சந்தேகம் எங்கிருந்து வந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. உனக்கு என்ன என்று எழுது.

இப்போது என் கதை. போன வாரம் ஒரு நாள் காஸ் துணி தீர்ந்துவிட்டது. ஸ்டோரில் மதியம் வரும் என்றார்கள். ரத்தம் பம்ப்பில் சூடாகக் காத்திருக்கிறது, இரைப்பை பலகையில் இருக்கிறது. சரி, ஒரு தடவை துடைக்காமலே ஊதிப் பார்ப்போம் என்று ஊதினேன். பொடி எப்போதும் போலக் கூழாக இறுகியது. ஆனால் இரைப்பையின் வழவழப்புக்கு மேலே இறுகியிருந்தது. பலகையைச் சற்றே சாய்த்தேன். ஈரச் சுவரில் பூசிய சிமென்ட் போல மொத்தமாக ஒரு பக்கம் நழுவி இறங்கிவிட்டது. அடியில் ரத்தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என் கை தவறோ என்று அடுத்ததைப் போட்டேன். அதுவும் நழுவியது. மாலை வரை பார்த்தேன், ஒன்றுகூட நிற்கவில்லை. அண்ணா, இத்தனை மாதமாக ரத்தத்தை நிறுத்தியதில் பாதி வேலை அந்தத் துணி செய்திருக்கிறது. ரத்தக் கறை இல்லாமல் படம் பளிச்சென்று வர வேண்டும் என்று படக்காரர் ஆரம்பித்து வைத்த வழக்கம் அது. செய்முறையில் "இடத்தைத் தயார் செய்யவும்" என்றுதான் இருக்கிறது. தயார் செய்வதென்றால் துடைப்பது என்று எல்லோர் கையும் பழகிவிட்டது, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவரிடம் போய்ச் சொன்னேன். "துடைக்காம அடிச்சா படம் கேவலமா வரும்மா" என்றார்.

"வயித்துக்குள்ள யாரு கை போய்த் துடைக்கும் சார்?"

"தண்ணி அடிச்சுக் கழுவுவாங்க."

"கழுவினா காயுமா சார், இன்னும் நனையுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதையும் காஸ் துணியில்தான். பெட்டிகள் மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன, நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டிய அறிக்கையில் சோதனை செய்தவள் என்ற இடத்தில் உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி, அது போனால்தான் முதல் நோயாளிக்கே தேதி, சும்மா கிடந்த சங்கை ஊதாதே என்றார். நழுவாமல் நின்றிருந்தாலாவது பரவாயில்லை, உடனே நழுவினாலும் பரவாயில்லை. இது மூடியது போலக் காட்டும். டாக்டர் நம்பிக் குழாயை வெளியே எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு நழுவினால் யாருக்குத் தெரியும்? நான் கையெழுத்துப் போடவில்லை. போடப் போவதும் இல்லை.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. உடனே எழுது.

வாயாடி

-

ஏப்ரல் 9

வாயாடிக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதி வைத்துக்கொள்கிறேன். மீதியை உட்கார்ந்து படி.

பையன்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். வயிற்றில் ஒரு சின்னப் புண் இருக்கிறது. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்துவிட்டு, குழாயிலேயே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பதறாதே.

விஷயம் இதுதான். வெட்டிய பிறகு ரத்தத்தை நிறுத்த ஒரு புதுப் பொடியை வைத்து ஆய்வு நடக்கிறது, பாதிப் பேருக்குப் பொடி, பாதிப் பேருக்குக் கிளிப், யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டு முடிவாகும் என்றார் டாக்டர். மேஜை மேல் இருந்த பெட்டியைப் பார்த்தேன். உன் கம்பெனி. "இது என் தங்கச்சி செஞ்சதுங்க" என்றேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். டாக்டர் விளக்கி முடிக்கவே இல்லை, அதற்குள் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். குலுக்கலில் எனக்குக் கிளிப் விழுந்தால் சண்டை போடுவேன். ஊரான் செய்த ஆணி எனக்கு எதற்கு, என் வீட்டுப் பொடி இருக்கும்போது?

ஆய்வில் சேர்ந்தவர்களுக்குச் சீக்கிரம் தேதி கிடைக்கிறது. அடுத்த மாதமே ஆகிவிடும். உன் அண்ணி பக்கத்தில் நின்று முறைக்கிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

-

ஏப்ரல் 14

அண்ணா,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்துவிட்டன. என் ஏப்ரல் 7 கடிதம் இப்போது உன் கையில் இருக்கும். இல்லை என்றால் அது வரும் வரை மருத்துவமனைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே.

அந்தப் பொடி நிற்காது. சம்மதத்தைத் திரும்ப வாங்கு. காரணம் சொல்ல வேண்டியதில்லை, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது உன் உரிமை. கிளிப்பே போட்டுக்கொள்கிறேன் என்று சொல். இது என் தங்கச்சி செய்தது என்று பெருமை பேசுவதை நிறுத்து. என் வாய்தான் உன்னைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தது.

சின்னப் புண் என்றால் என்ன புண்? உடனே பதில் போடு. தந்தி இருந்த காலமாக இருந்தால் தந்தி கொடு என்பேன்.

வாயாடி

-

மே 5

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணி எழுதுவது.

நீ நல்லபடி இருக்கிறாய் என்று நம்புகிறேன். இரண்டு தடவை போன் செய்தாய், "இருக்கார், இருக்கார்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று மருத்துவமனைக்குப் போயிருக்கிறார், எழுதுகிறேன்.

அது புண் இல்லை. புற்று. ஆரம்ப நிலை, மேலாகத்தான் இருக்கிறது என்று சதை எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்யவில்லை, தலையைத்தான் ஆட்டினேன்.

உன் இரண்டு கடிதமும் வந்தன. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் படித்தார். மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், பெயரை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அங்கே போய் இவர் செய்ததைக் கேள். ஆய்வுப் பட்டியலில் இருக்கிற பஸ் கண்டக்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரகசியமாகச் சொல்வதாக நினைத்து உன் கடிதத்தில் இருந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார். காது கேட்காத மனுஷனுக்குத் தன் தொண்டை எவ்வளவு என்று தெரியுமா? "துணியால துடைச்சாத்தான் நிக்குமாம், உள்ள போய் யார் துடைப்பா" என்று இவர் சொன்னது மருந்து வாங்கும் ஜன்னல் வரை கேட்டிருக்கிறது. நர்சு ஓடி வந்து "மெதுவா பேசுங்க" என்றதற்கு, "மெதுவாத்தானே பேசுறேன்" என்றாராம். அன்றிலிருந்து தினம் போகிறார். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் இதே ரகசியம்தான். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தன் சம்மதத்தை இன்னும் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்.

டாக்டர் கூப்பிட்டுக் கேட்டார். நல்ல மனுஷன்தான், அவருக்கே கம்பெனி அனுப்பிய படங்கள்தான் தெரியும். யார் சொன்னது என்றதும் இவர் உன்னைச் சொல்லிவிட்டார். உனக்கு இந்நேரம் அங்கே தொல்லை வந்திருக்கும்.

உன்னைப் போலவே, பெயரை எடுத்துவிடுங்கள் என்றுதான் நானும் சொன்னேன். ஆய்வில் இல்லாதவர்களுக்குத் தேதி கிடைக்க மூன்று நான்கு மாதம் ஆகுமாம், அதற்குள் அது ஆழமாக இறங்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்காகத்தான் தயங்குகிறார் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. "பேரை எடுத்துட்டா நான் வெளியாள். வெளியாள் பேச்சை அங்க யார் கேப்பா?" என்கிறார். கல்லுளிமங்கன். நான் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டே அழுகிறேன், தையல் கோணுகிறது.

நேரத்துக்குத் தூங்கு.

உன் அண்ணி

-

மே 10

அன்புள்ள அண்ணனுக்கு,

என் நலத்தைப் பிறகு பார்ப்போம். அண்ணி எழுதிவிட்டார். அவரைத் திட்டினால் நான் உன்னோடு பேசமாட்டேன்.

புற்று என்று ஒரு வார்த்தை எழுத உனக்குப் பேனா ஓடவில்லை, இல்லையா? சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் தெரு முழுக்கத் தண்டோரா போடுவாய்.

நேற்று படக்காரரும் அவருக்கு மேலே இருப்பவரும் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். திட்டவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மேலே இருப்பவர் உன் உடம்பைப் பற்றி மிகவும் கரிசனமாக விசாரித்தார். குலுக்கல் என்பது குலுக்கல்தான், ஆனால் வேண்டியவர்களுக்கு ஏற்பாடு செய்ய முடியும், அண்ணனுக்குக் கிளிப் பக்கம் இடம், அடுத்த வாரமே தேதி, நல்ல டாக்டர், எல்லாம் ஆகும் என்றார். பிறகு அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார். மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

அண்ணா, நான் போடப் போகிறேன். நேற்று முதல் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நியாயம் தெரியும், யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மற்றவர்களைப் பற்றியும் தெரியும். ஆனால் எனக்கு இருப்பது ஒரே அண்ணன். பொடி உடனே எல்லோருக்கும் நழுவும் என்று இல்லை, சிலருக்கு நிற்கலாம், டாக்டர்களே கண்டுபிடித்து நிறுத்திவிடலாம் என்றெல்லாம் மனசு வக்கீல் மாதிரி வாதாடுகிறது. நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது. மீதிப் பாவத்தை நான் சுமந்துகொள்கிறேன்.

அண்ணியை அழ விடாதே.

வாயாடி

-

மே 15

வாயாடிக்கு,

நலம் என்று எழுதமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன், அது எவ்வளவு தூரம் இறங்கியிருக்கும் என்று. போன மாதம் சொன்ன பொய் போதும், இனி உன்னிடம் சொல்லவில்லை.

அந்தக் கண்டக்டர் தினமும் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைக்கிறார், பஸ் பழக்கம். டீச்சர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, சிவப்பு மசி இருந்தால் திருத்துவேன் என்கிறார். நான் ஏற்பாட்டில் கிளிப் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறேன், அவர்கள் நழுவுகிற பொடியோடு வீட்டுக்குப் போகிறார்கள் என்று வை. அப்புறம் நான் எந்த வழியாக நடப்பேன்? அவர்களிடம் என் வாயால் சொல்லிவிட்டேன், என் தங்கச்சி பொய் சொல்லமாட்டாள் என்று.

போடாதே. போட்டால் என் முகத்தில் முழிக்காதே. போடாமல் இருந்து எனக்கு எது வந்தாலும் அது என் வயிற்றுக்கு வந்தது, உன் கைக்கு அதில் சம்பந்தம் இல்லை. மூத்தவன் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு கேள். கேட்டபின் வாயைத் திற, அந்தக் கண்ணாடி அறையில் போய்த் திற.

பாவத்தைச் சுமக்கிறாளாம். உன் பள்ளிக்கூடப் பையையே நான்தான் சுமந்தேன்.

அண்ணன்

-

ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே. நீ எப்படி இருக்கிறாய்? தேதி கொடுத்தார்களா? அதை முதல் வரியில் எழுது.

உன் கடிதம் வந்த அன்று ஒரு மூச்சு அழுதுவிட்டு, நெறிமுறைக் குழுவுக்கு நேராக எழுதினேன். ஆய்வு சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்காக உள்ள மருத்துவர்கள் அவர்கள். நான் கையெழுத்துப் போடவில்லை, ஏன் போடவில்லை என்பதை வந்து கண்ணால் பாருங்கள் என்று எழுதினேன். உன் டாக்டரும் அவர்களுக்கு எழுதியிருக்கிறார், ஏழெட்டு நோயாளிகள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள் என்று. உன் தொண்டைக்கு நன்றி.

போன வெள்ளிக்கிழமை வந்தார்கள். குழுத் தலைவர் ஒரு வயதான பெண் அறுவை மருத்துவர். நாற்காலி போட்டார்கள், அந்த அம்மா உட்காரவில்லை, பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கம்பெனியில் மேலே இருப்பவர் ஏதோ வரவேற்புரை ஆரம்பித்தார், பம்ப் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. முதலில் துடைத்துவிட்டு ஊதிக் காட்டினேன். நின்றது. படக்காரர் முகத்தில் சிரிப்பு. அடுத்த இரைப்பை. ரத்தம் ஊறி வழிய ஆரம்பித்தது. படக்காரர் பழக்க தோஷத்தில் காஸ் துணியை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. கை நீட்டியபடியே நின்றார்.

அந்த அம்மா துணியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இது எதுக்கு?" என்றார்.

"இடத்தைத் தயார் பண்ண" என்றார் படக்காரர்.

"நான் நாப்பது வருஷமா வயித்துக்குள்ள வேலை பாக்குறேன். எனக்கு யாரும் இப்படித் தயார் பண்ணிக் குடுத்ததில்லையே."

நான் ஊதினேன். இறுகியது. பலகையைச் சாய்த்தேன். நழுவி என் செருப்பின் மேலேயே விழுந்தது. இன்னொன்று கேட்டார், அதுவும் விழுந்தது. மூன்றாவதை அவரே ஊதினார், அவர் கைக்கும் அது மரியாதை கொடுக்கவில்லை. மறுநாள் எல்லா மருத்துவமனைகளிலும் ஆய்வை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் வயிற்றிலும் இன்னும் பொடி போகவில்லை, அண்ணா, ஒருவர் வயிற்றிலும் போகவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எழுத ஆசைப்படுகிறேன்.

திங்கட்கிழமை காலை என் மேஜையில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கிடங்கில் பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போட்டிருக்கிறார்கள். தானாக ஓடிவிடுவேன் என்று கணக்கு. நான் கோணாமல் ஒட்டுகிறேன், போகமாட்டேன். வெளியே அனுப்ப வேண்டுமென்றால் அவர்களே காரணம் எழுதி அனுப்பட்டும், அந்தக் காரணத்தை நானும் நாலு பேருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

ஆய்வு நின்றால் உன் தேதியும் நின்றிருக்குமே என்ற நினைப்பு மட்டும் என்னை விடவில்லை. உடனே எழுது.

வாயாடி

-

ஜூலை 20

வாயாடிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. உன் கடிதங்கள் எல்லாம் தலையணைக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

எல்லாம் முடிந்தது. கட்டி போய்விட்டது, இனி பயம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். டீச்சருக்கும் கண்டக்டருக்கும் கிளிப் போட்டு நல்லபடி ஆயிற்று. கண்டக்டர் பார்க்க வந்தார், டிக்கெட் எடுக்காமலே உள்ளே விட்டேன். ஃபேக்டரியில் இரண்டு மாதம் லீவு. உன் அண்ணி எனக்குக் கஞ்சியும் அதிகாரமும் வேளை தவறாமல் கொடுக்கிறாள்.

கிடங்கில் கால் வலிக்க நிற்காதே, ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கு. கொடுக்காவிட்டால் பெட்டி மேல் உட்கார்.

அண்ணன்

தங்கச்சி, இதை ஒட்டுவதற்கு முன் பின்பக்கத்தில் அண்ணி எழுதுகிறேன். அவர் எழுதியதில் பொய் எதுவும் இல்லை, எழுதாமல் விட்டதுதான் இருக்கிறது. ஜூலை முதல் வாரம்தான் தேதி கிடைத்தது. குழாய் விட்டுப் பார்த்தபோது ஆழமாக இறங்கியிருந்தது, குழாயில் எடுக்க முடியாது என்றார்கள். வயிற்றைத் திறந்து, இரைப்பையில் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார், அது நிச்சயம். ஆனால் இனி ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போகாது.

உனக்கு எழுதக் கூடாது என்றார். "அவ கையெழுத்தோட முடிச்சுப் போட்டுப் பாப்பா" என்றார். நான் எழுதுகிறேன், ஏனென்றால் என்றைக்காவது நேரில் பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும், அன்றைக்கு நாங்கள் மறைத்தோம் என்று இருக்கக் கூடாது. இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கண் விழித்த இரண்டாம் நாள், நானே கோபத்தில் கேட்டுவிட்டேன், அவள் போட்டிருந்தால் உங்களுக்கு முழு வயிறும் இருந்திருக்குமே என்று. அதற்கு அவர் சொன்னார்: "இருந்திருக்கும். ஆனா அதுல ஒரு வாய் சோறு இறங்கியிருக்காது."

வார்டில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

-

ஜூலை 26

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

பின்பக்கத்தையும் படித்தேன். லேபிள் பெட்டி மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கிடங்குக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், என்ன என்று கேட்கவில்லை.

முடிச்சுப் போடத்தான் செய்தேன், அண்ணா. போடாமல் இருக்க நான் என்ன கல்லா? மே மாதம் நடக்க வேண்டியது ஜூலையில் நடந்தது. நடுவில் இருந்தது என் பிடிவாதமும் உன் பிடிவாதமும். இரண்டு நாள் இதை உருட்டி உருட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும், மறுபடி அந்த அறிக்கையை என் முன்னால் வைத்தால் மறுபடி நகர்த்தி வைத்துவிடுவேன் என்றுதான் வருகிறது. அதற்காக உன் வயிறு போனது எனக்குச் சம்மதம் என்று அர்த்தம் இல்லை. உனக்குத் தேதி கொடுக்காமல் இழுத்தவர்களையும், அதையே தூண்டிலில் புழுவாக மாட்டி என்னிடம் நீட்டியவரையும் நான் விடப் போவதில்லை. நடந்தது எல்லாவற்றையும் அந்தக் குழுத் தலைவருக்கு நேற்று எழுதி அனுப்பிவிட்டேன், கண்ணாடி அறையில் என்ன பேரம் நடந்தது என்பது உட்பட. வேலை போனால் போகட்டும், தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கஞ்சியா, எதுவோ, உன்னோடு உட்கார்ந்து நானும் ஒரு கைப்பிடிதான் சாப்பிடுவேன். நீ படுக்கையில் கிடந்து வரவேற்கலாம் என்று நினைக்காதே. கதவை இடிப்பேன், உன் காதுக்கே கேட்கிற மாதிரி இடிப்பேன். அண்ணி திறக்கக் கூடாது. நீ எழுந்து வந்து திற.

வாயாடி